நீலகிரியின் மரபு டிரவுட் மீனா, அதற்காகக் கட்டப்பட்ட இறகுப் பூச்சியா?

நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை மறுபடியும் பெருக்க வேண்டும் என்ற கோரிக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டுகிறது. அது மலையின் மரபு, சுற்றுலாவுக்கு வரவு, தூய நீரின் அடையாளம் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. கூடவே மூங்கில் தூண்டில்கோல், இறகால் கட்டிய செயற்கைப் பூச்சி, பனி விலகாத அவலாஞ்சிக் காலை என ஒரு பழைய ஓவியமும் விரிக்கப்படுகிறது. இந்த ஓவியத்தில் இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகக் குழைக்கப்பட்டுள்ளன. ஒன்று மீன். மற்றொன்று, அந்த மீனைப் பிடிக்க இறகாலும் நூலாலும் கட்டப்படும் பூச்சி. மரபு என்னும் சொல்லுக்கு மீனுக்கு உரிமை மிகக் குறைவு. பூச்சிக்கு உரிமை உண்டு. அதுவும் யாரும் எண்ணிப் பாராத வகையில்.

பங்காருபேட்டையில் நின்று பார்த்தால் இந்த வேறுபாடு எளிதாகப் புலப்படும். அங்கே டிரவுட் வாழாது. நீரின் வெப்பம் 20 பாகையைக் கடந்தாலே சோர்ந்து, 25ஐத் தாண்டினால் மடியத் தொடங்கும் மீன் அது. கோலார்ச் சமவெளியின் ஏரிகள் கோடையில் அதைவிட மிகுந்த சூட்டில் கிடக்கும். ஆனால் டிரவுட்டுக்கான பூச்சியைக் கட்டத் தேவையான இரு முதன்மைப் பொருள்கள் பங்காருபேட்டையைச் சுற்றிலும் எப்போதும் இருந்துவந்துள்ளன: பட்டுநூலும் பெட்டைக்கோழியின் இறகும். பழைய கோலார் மாவட்டத்தின் சிந்தாமணி, சிட்லகட்டா பக்கங்கள் பட்டுக்கூட்டுக்கும் நூற்புக்கும் பெயர் பெற்றவை. கோழிக்கு முகவரி தேவையில்லை.

ஆங்கிலத்தில் 'வெட் ஃப்ளை' எனப்படுவது நீரின் மேல் மிதக்காமல் உள்ளே அமிழ்ந்து செல்லும் செயற்கைப் பூச்சி. டிரவுட் தன் உணவின் பெரும்பகுதியை நீருக்கு அடியில்தான் உண்கிறது. நீர்ப்பூச்சியின் இளம்பருவம் அடியிலிருந்து மேலெழும்பி, தோலுரித்துச் சிறகு விரிப்பதற்குச் சற்று முன்பு, நீரோட்டத்தில் கையாலாகாமல் மிதந்துவரும் அந்தச் சில நொடிகளே மீனுக்கு விருந்து. மூழ்கும் பூச்சி அந்த நொடியைத்தான் போலி செய்கிறது. ஆகவே அது முழுப் பூச்சியின் உருவத்தை நகலெடுப்பதில்லை. ஓர் உடல், அதைச் சுற்றி நீரில் அசையும் சில இழைகள், அவ்வளவே.

இங்கிலாந்தின் வடபகுதி ஓடைகளில் பிறந்த 'பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெயரே செய்முறை. சிறிய தூண்டில்முள், மெழுகு தடவிய ஆரஞ்சுப் பட்டுநூல், கவுதாரியின் பழுப்பு இறகு ஒன்று. பட்டை முள்ளின் தண்டில் இடைவெளியின்றிச் சுற்றினால் உடல் ஆயிற்று. இறகின் நுனியைத் தலைப்பக்கம் கட்டி, ஒன்றரைச் சுற்று அல்லது இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டால் கால்கள் ஆயின. மூன்றாவது சுற்றுச் சுற்றும் கை பெரும்பாலும் புதிய கை. இழைகள் அடர்ந்தால் நீருக்குள் அவை விரிந்து சுருங்கா; துடைப்பம் போல விறைத்து நிற்கும். நனைந்ததும் ஆரஞ்சுப் பட்டு கருஞ்சிவப்பாக மாறுகிறது. மேசைமேல் பொம்மையாகத் தெரிவது நீருக்குள் உயிர்ப்பொருளாகத் தோன்றுவது இதனால்தான்.

இறகைத் தேர்வதில் இக்கலையின் அடிப்படை விதி அடங்கியிருக்கிறது. சேவலின் பிடரி இறகு விறைப்பானது, நீரை ஒட்டவிடாதது. மிதக்கும் பூச்சிக்கு அது வேண்டும். பெட்டையின் இறகு மென்மையானது, நீரை உறிஞ்சி ஓட்டத்துக்கு வளைவது. மூழ்கும் பூச்சிக்கு அது வேண்டும். சந்தையில் சேவல் இறகுக்குப் பெருவிலை கொடுப்போர் உண்டு. மூழ்கும் பூச்சிக்கோ அடுக்களைக் கழிவில் கிடக்கும் பெட்டை இறகு போதும்.

இது நேற்றைய பொழுதுபோக்கும் அன்று. மாசிடோனியாவின் ஓர் ஆற்றில் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி சுற்றி, சேவலின் தாடிக்கடியில் வளரும் இரண்டு இறகுகளைக் கட்டி மீன் பிடித்தவர்களைப் பற்றி ரோமானியரான ஈலியன் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுதினார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் பன்னிரண்டு பூச்சிகளை விவரிக்கிறது. 1857இல் ஸ்காட்லாந்தின் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட், 1885இல் யார்க்ஷயரின் டி. ஈ. பிரிட், 1941இல் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் லைசன்ரிங் என்று மூழ்கும் பூச்சிக்குத் தனி வரலாறு நீள்கிறது. இடையில் மிதக்கும் பூச்சியே கண்ணியமானது, மூழ்குவது தாழ்ந்தது என்று ஹால்ஃபோர்டின் மாணவர்கள் ஒரு சாதிப் பிரிவினையையும் உண்டாக்கினர். ஸ்க்யூஸ் 1910இல் நூல் எழுதி அதை உடைக்க வேண்டியிருந்தது. எங்கும் இதே கதைதான் போலும்.

இந்த வரலாற்றில் தென்னிந்தியா எங்கே நுழைகிறது? தாள்களில் அன்று, இறகில்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் விடியலில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயர் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னேராவை நினைவூட்டுகிறது. அவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் புதுச்சேரி வந்து சென்றவர். இப்பறவைச் சேவலின் கழுத்து இறகுகள் உலகில் வேறெந்தப் பறவைக்கும் எளிதில் வாய்க்காதவை. இறகின் நடுத்தண்டு நுனியில் தட்டையாகி, மெழுகு சொட்டியது போன்ற வெளிர்மஞ்சள் புள்ளிகளாகப் பளபளக்கும். அது சாயமன்று, கொம்புப் பொருள். நீரில் கரையாது, மங்காது. பூச்சியின் தலையருகே ஒன்று கட்டினால் சிறுமீனின் கண் போல ஒளிரும். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் சால்மன் பூச்சிகளில் பெரும்பாலானவற்றிலும், 'டன்கெல்ட்' போன்ற டிரவுட்டுக்கான மூழ்கும் பூச்சிகளிலும் இந்த இறகு இடம்பெற்றது. வணிகப் பெயர் 'ஜங்கிள் காக்'. கழுத்துத் தோலோடு உரித்து, உலர்த்தி, கப்பலேற்றப்பட்டது. ஒரு கழுத்து என்றால் ஒரு பறவை. அதிலும், இனப்பெருக்கக் காலம் முடிந்து மழைக்காலத்தில் சேவல் இந்த இறகுகளை உதிர்த்துவிட்டுக் கறுப்பு இறகு பூண்டுவிடும். ஆகவே வணிகர்களுக்குத் தேவைப்பட்டது கூவித் திரியும் காலத்துச் சேவல். அதாவது, குஞ்சு பொரிக்கும் காலத்தில் கொல்லப்பட்ட சேவல்.

பூச்சிகளுக்கு ஆட்பெயர் சூட்டும் வழக்கம் அக்கலையில் உண்டு. 1854இல் ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் ஜேம்ஸ் ரைட் என்பவர் கட்டிய பூச்சி, அதைக் கட்டச்சொன்ன பாதிரியாரின் பெயரால் 'கிரீன்வெல்ஸ் குளோரி' ஆயிற்று. கட்டியவருக்கே பெயர் கிட்டாதபோது, வயநாட்டிலோ ஆனைமலையிலோ கண்ணி வைத்தவருக்கு என்ன கிட்டியிருக்கும்? அவர் பிடித்த பறவையின் கழுத்து எந்த நாட்டு எந்த மீனின் கண்ணை ஏமாற்றப் போகிறது என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டிராது.

1960களின் பிற்பகுதியில் இந்தியா இந்த இறகின் ஏற்றுமதியைத் தடை செய்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் குற்றமாக்கியது. தடையின் விளைவு கவனிக்கத்தக்கது. ஐரோப்பாவில் காட்டுக்கோழியைப் பண்ணைகளில் வளர்த்து இறகெடுக்கத் தொடங்கினர். நெகிழியில் போலிக் 'கண்'களும் வந்தன. கலை சாகவில்லை, காட்டில் பறவையும் சாகவில்லை. வேட்டை நின்றால் மரபு அழியும் என்று அன்று வாதிட்டவர் யாராயினும் இன்று பதில் சொல்ல வேண்டியிருக்காது. எனினும் இறகுமீதான வெறி முற்றாகத் தணிந்துவிடவில்லை. 2009 ஜூனில் இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளையில் 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. அவற்றுள் சில ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் திரட்டியவை. திருடிய இளைஞர் பழைய பாணி சால்மன் பூச்சி கட்டுவதில் தேர்ந்தவர்.

சாம்பல் காட்டுக்கோழிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆயினும் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினர். எந்த நாட்டுக் கோழிச்சந்தையில் மஞ்சள் கால் தெரிந்தாலும் அதில் தென்னிந்தியக் காடு கொஞ்சம் இருக்கிறது.

மீனின் வரலாறு இதற்கு நேர்மாறானது. நீலகிரியின் உயர்ந்த ஓடைகளில் பிடிக்கத்தக்க பெரிய மீன் இல்லை என்பது ஐரோப்பியக் குடியிருப்பினரின் குறை. 1863இல் சென்னை மருத்துவப் பணியிலிருந்த பிரான்சிஸ் டே டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். அதன்பின் பல முயற்சிகள் நடந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் பொறுப்பில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து, இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்த முட்டைகளால் வானவில் டிரவுட் நிலைபெற்றது. 'ஆங்கிலேயர் விட்டுச்சென்ற மரபு' என்று இதைப் போற்றுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. வானவில் டிரவுட் ஆங்கிலேய மீனே அன்று. அதன் பிறப்பிடம் வட அமெரிக்காவின் பசிபிக் கரைப்பகுதி. இங்கிலாந்தின் சொந்த மீனான பழுப்பு டிரவுட் காஷ்மீரிலும் குலுவிலும் தங்கியது, நீலகிரியில் தங்கவில்லை.

சட்டத்தின் மொழியும் உண்மையை ஒளிக்கவில்லை. 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் தன் பாதுகாப்பை அறிவித்தது எல்லா மீனுக்கும் அன்று. வெளியிலிருந்து கொணர்ந்து பழக்கப்படுத்தப்பட்ட மீனுக்கு. ஓடையில் ஏற்கெனவே வாழ்ந்த சிறுமீனும் தவளையும் அதன் கண்ணில் படவில்லை. அதே சட்டம் காட்டுக்கோழியை வேட்டைப் பறவைகளின் பட்டியலில் வைத்தது. வந்தேறி மீனுக்குக் காவல், காட்டுப் பறவைக்குப் பருவம் பார்த்த துப்பாக்கி. ஒரே தாளில் இரண்டும்.

அந்தப் பார்வை இன்னும் முழுதாக மாறவில்லை. நீலகிரியில் சீகை மரத்தை அகற்ற வேண்டும், கற்பூர மரத்தைக் குறைக்க வேண்டும், சோலையும் புல்வெளியும் திரும்ப வேண்டும் என்பதில் சூழலியல் ஆர்வலரிடையே இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உலகின் மிகத் தீங்கான 100 அயல் உயிரினங்கள் எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு வெளியிட்ட பட்டியலில் கருஞ்சீகை இருக்கிறது. அதே பட்டியலில் வானவில் டிரவுட்டும் இருக்கிறது. மரத்துக்கு ஒரு நியாயம், மீனுக்கு ஒரு நியாயம் ஏன்? மரம் கரையில் நிற்பதால் கண்ணுக்குத் தெரிகிறது. மீன் நீருக்குள் இருப்பதால் தெரியவில்லை. கூடவே, மீனைச் சுற்றி ஒரு கனவானின் கதை பின்னப்பட்டிருக்கிறது. சீகைக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

கலிஃபோர்னியாவின் சியாரா நெவாடா மலைத்தொடரில் மீனே இல்லாத உயர்மலை ஏரிகளில் டிரவுட் விடப்பட்டபின் மஞ்சள்கால் தவளைகள் அருகிப்போயின. மீனை அகற்றிய ஏரிகளில் தவளைகள் திரும்பின. மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளை இனங்களில் பெரும்பான்மையானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் பல ஓடையிலேயே முட்டையிட்டு ஓடையிலேயே வளர்பவை. இவ்வளவு தெரிந்தபின் முக்குர்த்திப் பக்கத்து ஓடையில் மீன்குஞ்சுகளை வாளியோடு கவிழ்ப்பதை மரபு மீட்பு என்று அழைப்பது பொருந்தாது.

டிரவுட் தரப்பின் வாதங்களில் ஒன்றுக்கு எடை உண்டு. தூண்டிற்காரர்கள் ஓடையோரம் நடமாடியதால்தான் நீரில் நஞ்சு கலப்பதும் வெடி போடுவதும் கண்டறியப்பட்டன, ஆள் நடமாட்டமே காவல் என்பது அது. இதை எளிதாகத் தள்ள முடியாது. நீருக்கருகில் மணிக்கணக்கில் அமைதியாக நிற்பவரைவிட நீரின் மாற்றத்தை விரைவில் உணர்பவர் அரிது. ஆனால் அந்தக் காவலுக்குத் தூண்டிற்காரர்தான் தேவை. புதிதாக விடப்படும் அமெரிக்க மீன் தேவையில்லை. அணைகளும் தேயிலையும் ஏற்கெனவே மாற்றிவிட்ட எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி நீர்த்தேக்கங்களில் இருக்கும் மீனே போதும். அங்கே உரிமச்சீட்டு வழங்கிப் பிடிக்க விடலாம். பண்ணையில் வளர்த்து விற்கவும் செய்யலாம். சோலை ஓடைகளில் மட்டும் ஒரு குஞ்சும் விடக்கூடாது.

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். பிடித்த மீனை உயிரோடு விட்டுவிடுவதே உயர்ந்த ஒழுக்கம் என்று இன்றைய தூண்டில் உலகம் போதிக்கிறது. நீலகிரி டிரவுட்டுக்கு இந்த ஒழுக்கம் தவறு. அங்கே பிடித்ததைக் கொன்று சமைத்து உண்பதே ஓடைக்குச் செய்யும் நன்மை. இது விபரீதமான கருத்தன்று. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், லாமர் ஆற்றின் மேற்பகுதியில் பிடிபடும் வானவில் டிரவுட்டைக் கொல்ல வேண்டும் என்பதே விதி. உள்ளூர் இனமான கட்துரோட் டிரவுட்டை மட்டும் நீரில் திரும்ப விட வேண்டும். அமெரிக்காவுக்குள்ளேயே ஓர் அமெரிக்க மீனுக்கு இந்த நிலை என்றால், முக்குர்த்தியில் அதற்குக் கரிசனம் காட்ட எந்த முகாந்திரமும் இல்லை.

மீனை ஒதுக்கிவிட்டால் கலை அனாதையாகிவிடுமா? ஆகாது. தென் கன்னட மாவட்ட ஆட்சியராக இருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் மங்களூரில் வெளியிட்ட தூண்டில் நூல், இந்திய ஆற்று மீன்களையே மையமாகக் கொண்டது. காவிரியில் பெருங்கெண்டையான மசீரைப் பிடிக்கக் கேழ்வரகுக் களி உருண்டையைத் தூண்டிலில் கோத்தவர்கள் உள்ளூர் வழிகாட்டிகள். கோலார்க்காரரின் தட்டில் இருப்பதும் அதே களிதான் என்பது தற்செயல். மேல்மட்டத்தில் பூச்சி பொறுக்கும் சின்னக் கெண்டை வகைகளுக்கு உருண்டை பெரிது. அவற்றின் வாய்க்கு இரண்டு சுற்று இறகே அளவானது. பங்காருபேட்டைக்கு அருகில், தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பாலாற்றுப் பேத்தமங்கலம் ஏரி இருக்கிறது. 1952இல் இந்தியாவுக்கு வந்து ஏரிகளெங்கும் பரவிய ஜிலேபிக்கெண்டையும் அயல் இனமே. யெல்லோஸ்டோன் விதி அதற்கும் பொருந்தும். ஏரிகளின் மீன்பாசி உரிமை பல இடங்களில் குத்தகைக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உரியது என்பதால், தூண்டில் பிடிப்போர் அவர்களுக்குக் கட்டணம் செலுத்தி வருவதே முறை. நீலகிரியில் நடந்தது போல ஒரு சங்கத்தார் வந்து வேலியடைப்பது முறையன்று.

இக்கலையால் கோலாருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பயன் மீன்கூட அன்று. பூச்சி கட்டுபவர் முதலில் கற்பது நீரின் பூச்சிகளை. கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருப்பது எது என்று பார்த்துத்தான் நூலின் நிறத்தையும் இறகின் நீளத்தையும் முடிவு செய்ய முடியும். மேஃப்ளையின் இளம்பருவம் இருந்தால் நீரில் உயிர்வளி இருக்கிறது, மாசு குறைவு. அது மறைந்து, சேற்றில் நெளியும் செந்நிற இரத்தப்புழு மட்டும் மிஞ்சினால் நீர் மூச்சுத் திணறுகிறது. ஆய்வுக்கூடங்கள் நீரின் தரத்தை அளக்கப் பயன்படுத்தும் அறிவும் இதுவே. 2018 முதல் பெங்களூரின் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து சுத்திகரித்த கழிவுநீர் கோலார் மாவட்ட ஏரிகள் பலவற்றுக்குக் குழாயில் வருகிறது. வறண்ட ஏரி நிரம்பியதில் மகிழ்ந்தோரும் உண்டு. அந்தச் சுத்திகரிப்பு போதாது என்று நீதிமன்றம் சென்றோரும் உண்டு. இரு தரப்பும் நம்பக்கூடிய அளவுகோல் ஏரியின் அடிச்சேற்றிலேயே இருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கு ஒரு சல்லடையும் உருப்பெருக்கிக் கண்ணாடியும், ஒரு சுருள் பட்டுநூலும், சில கோழியிறகுகளும் கொடுத்தால் மாதந்தோறும் பார்த்துக் குறித்துவைக்க முடியும். அப்படிக் கரையில் அமர்ந்து கட்டப்படும் பூச்சிக்கு இந்த ஆண்டு இரத்தப்புழுவின் சிவப்பு நூல் வேண்டியிருக்குமா, மேஃப்ளைக்கு உரிய பழுப்பு இறகு வேண்டியிருக்குமா என்பதைக் கோலார் முடிவு செய்ய இயலாது. அது பெங்களூரின் சுத்திகரிப்பு நிலையங்களில் முடிவாகிறது.